இரண்டில் சாய்

ஆறு மணிக்குக் கீழ்த்தளத்துக் கார்ப் பட்டறை
ஷட்டரை இறக்கும்.
அதற்குப் பிறகுதான் உபியில் எங்களுக்குக் காது.
குளிரூட்டியை அணைப்பேன், அதன் மூச்சு ஒலிவாங்கியில் விழும்.
அணைத்த மூன்றாம் நிமிடம்
கரோல் ஓலிவேரோவின் நைலான் நரம்புகள்
வியர்க்கத் தொடங்கும்.
சுருதி இறங்கும். சேர்ப்பாள். இறங்கும்.
"லோ, இந்த ஊரில் கித்தார் வாசிப்பதும்
ஈரத் துணி பிழிவதும் ஒன்று" என்பாள்.

ஒன்பது பாட்டு.
சாம்பாவின் இடுப்பில் ஜாஸின் தயக்கம்.
நடுவே ரோஸ்மானின் கெரொன்சோங் உக்குலேலே,
மழைக்கு ஒதுங்கிய கோழி
தலையை உதறி உதறிப் பார்ப்பதுபோல்.
எதனோடு எது ஒட்டும் என்று
தாளில் எழுதிவைத்தவர் யாருமில்லை.
ஒட்டாத இடங்களை
நான் ஒலி குறைத்து மறைக்கப் போனால்
கை நீட்டித் தடுப்பாள்.
"தையல் தெரியட்டும்."

பாண்டெய்ரோ வாசிக்க வேண்டியவன் ரெசிஃபியில்.
வருவான் என்றார்கள்.
மானியம் வரவில்லை, அவனும் வரவில்லை,
வந்தது கோப்பு.
எங்கள் இரவு பத்து அவனுக்குக் காலை பதினொன்று.
திரையில் கரோல் பேசிய போர்த்துக்கீசியத்தைக் கேட்டு
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
மலாக்கா வழி வந்த குடும்பத்தில்
வசவும் மீன்குழம்புமே மிச்சம்.
"இந்தச் சொற்களை எங்கே ஒளித்துவைத்திருந்தீர்கள்?"
அவள் பதிலுக்கு ஒரு வசவு சொன்னாள்.
அது அவனுக்குப் புரிந்தது.

ஐந்தாம் பாட்டை மட்டும் அவன் வாசித்து அனுப்பவில்லை.
அதற்குத்தான் இளம்பரிதி.
பகலெல்லாம் அடுக்குமாடிகளில்
மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
நகக்கண்ணில் கிரீஸ், பையில் கஞ்சிரா.
தோலில் இரண்டு சொட்டு நீர் தடவினான்.
இந்தக் காற்றில் அது தேவையே இல்லை;
பழக்கம்.

முதல் பதிவு. சமத்தில் ஓங்கி இறங்கினான்.
கரோல் நிறுத்தினாள்.
"ஒன்றை விட்டுவிடு. இரண்டில் சாய்."
இரண்டாம் பதிவு, சமம்.
நான்காவது, சமம்.
ஏழாவதில் இரண்டில் சாய்ந்தான்,
சாய்ந்த குற்றவுணர்வில்
ஒன்றையும் அடித்தான்.
"ஒன்றைத் தொடாமல் போனால்
அடுப்பை அணைக்காமல்
வீட்டைப் பூட்டியதுபோல இருக்குதுங்க."
ரோஸ்மான் உறையில் உக்குலேலேயை வைத்தார்,
மூடவில்லை.

கோப்பி ஓ வாங்கப் போன இளம்பரிதி
வெறுங்கையோடு திரும்பிவந்தான்.
வெளியே சரக்கு மின்தூக்கியை
மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்தானாம்.
"கதவு முதலில் திறக்குது.
பாரம் அப்புறம்தான் உட்காருது.
தளம் ஒன்றுதான்,
கால் வைப்பது இரண்டில்."
பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டு,
"அநாகத எடுப்பு! இதைத்தானா
இரண்டு மணி நேரமாகச் சொல்கிறாள்?"

அநாகதம். இன்னும் வராதது.
கரோலுக்கு எப்படிச் சொல்வது என்று
நான் தேடிக்கொண்டிருக்கும்போதே
அவள் கித்தாரை மடியில் ஏற்றிவிட்டாள்.
ஒன்று காலியாக வந்தது,
யாரும் உட்காராத நாற்காலிபோல,
அதைச் சுற்றி எல்லாரும் வாசித்தார்கள்.
மழை பிடித்துக்கொண்டது.
நான் நிறுத்தவில்லை.

கலவை செய்யும் இரவுகளில்
இடக்காதில் ரெசிஃபிக்காரனின் மூச்சு,
வலக்காதில் உபி மழை.
ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு தோல்கள்
என் தலைக்குள் பேசிக்கொள்கின்றன.
நான் நடுவில், ஒலிச்சாவியில் விரல்,
எதையும் கூட்டாமல்.

வெளியீட்டார் அட்டையில் போட ஒரு சொல் கேட்டார்கள்,
அந்த ஊர்க்காரர்கள் ஏக்கத்துக்கு வைத்திருக்கும் சொல்.
"அதைப் போட்டால் பெட்டியோடு கடலில் எறிவேன்" என்றாள்.
எனவே அட்டையில் பெயர்கள் மட்டும்,
பதிவான கட்டடத்தின் எண்,
எங்கள் நான்காம் தளம்.

ஐந்தாம் பாட்டில், மூன்றாம் நிமிடம் தாண்டி
தூரத்தில் ஒரு 'தொம்' கேட்கும்.
சரக்கு மின்தூக்கி.
இரண்டில்தான் விழுகிறது.
குறை சொல்ல நினைப்பவர்கள்
இளம்பரிதியை அழைக்கலாம்.
பழுதுபார்ப்பது அவன் வேலை;
வரமாட்டான்.